எட்டு நிமிடப் படம், 5,500 ரூபாய்: நம்ம பிள்ளைகள் குறும்படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை



"அம்மா, காலேஜ்ல குறும்படம் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. காசு வேணும்" என்று மகளோ மகனோ வந்து நின்றால், நம்மில் பலருக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. "சினிமாவா? லட்சக்கணக்குல ஆகுமே!" என்று பயந்து போகிறோம். இல்லையென்றால், "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று திட்டி விரட்டுகிறோம். இரண்டும் வேண்டாம்.

குறும்படம் என்பது சில நிமிடங்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிற படம். 2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் ஆரம்பித்த 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சிக்குக் குறும்படம் எடுத்துக் கொடுத்தவர்கள்தான் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமரசாமியும். பிறகு பெரிய இயக்குநர்கள் ஆனார்கள். தேசிய விருது வாங்கிய 'வெயில்' (2006) படத்தை எடுத்த வசந்தபாலன் நம்ம விருதுநகர்க்காரர். ஆக, இது நமக்கு எட்டாத காரியம் ஒன்றும் இல்லை.

நம்ம பகுதியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் படம் எடுத்திருக்கிறார்கள். 1990-ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தில், சிவகாசி சுற்றுவட்டாரத்தில் வேலைக்குப் போன குழந்தைகளின் வாழ்க்கையைக் காட்டினார். இன்று நம்ம வீட்டுப் பிள்ளைகள் கையிலேயே கேமரா இருக்கிறது. நம்ம கதையை நாமே சொல்லலாம். ஆனால் செலவு கைமீறக் கூடாது. யாருக்கும் ஆபத்தும் வரக் கூடாது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: முன்கூட்டியே பேப்பரில் திட்டமிடுவது.

பெண்கள் குழுக்கள் எடுத்த படங்கள்

"எழுத்தே தெரியாத நமக்குப் படத்தைப் பத்தி என்ன தெரியும்?" என்று ஒதுங்க வேண்டாம். 1984-ல் அகமதாபாத்தில் 'சேவா' சங்கம் தன் உறுப்பினர்களுக்கு வீடியோ கேமராப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி எடுத்தவர்களில் காய்கறி விற்கிற பெண்களும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இருந்தார்கள்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற ஊர். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் விவசாயப் பெண்கள் 1990-களின் கடைசியில் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பருத்தி விவசாயிகள் பட்ட கஷ்டத்தைப் படமாக எடுத்து வெளியிட்டார்கள். கேமரா வைக்கும் கோணங்களுக்கு அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.    கண்ணுக்குக் கண் நேராக எடுத்தால் 'சங்கம் ஷாட்'. ஏனென்றால் சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருகிறோம். இதைவிடச் சுலபமாகக் கேமராப் பாடம் யார் சொல்லித் தர முடியும்?

முதல் படி: கதை

கதை சின்னதாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதினால் ஏறக்குறைய ஒரு நிமிடப் படம் என்பது சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. எட்டுப் பக்கம் என்றால் எட்டு நிமிடம். அதற்கு மேல் போனால் செலவும் கூடும்.

ஒரு மாதிரிக் கதை பார்ப்போம். அம்மா பட்டாசு ஆபீஸுக்கு வேலைக்குப் போகிறாள். பதினோரு மணிக்குத் தூரத்தில் ஒரு சத்தம். வீட்டில் மகளும் பாட்டியும். தெருவே வெளியில் வந்து, "எந்தப் பக்கம், எந்தப் பக்கம்?" என்று கேட்கிறது. மகள் அம்மாவுக்குப் போன் போடுகிறாள். மணி அடிப்பது வீட்டு அலமாரியில்! ஆலைக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்று அம்மா எப்போதும் போலப் போனை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் வேன் வருகிறது. அம்மா இறங்குகிறாள். ராத்திரி, மறுநாளைக்காகத் தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள்.

இந்தப் படத்தில் வெடி இல்லை, புகை இல்லை, ஆலை இல்லை. ஆனால் நம்ம ஊரில் இதைப் பார்க்கிறவர்களுக்கு வயிறு கலங்கும். ஒரு சத்தம், நாலு முகம், அடிக்கிற ஒரு போன் போதும். எது அதிகச் செலவோ, எது ஆபத்தோ, அதைக் காட்டாமலே கதையைச் சொல்ல முடியுமா என்று முதலில் யோசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: காட்சிகளை இடவாரியாகப் பிரிப்பது

கதை நடக்கிற வரிசையில் படம் எடுக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன கதையில் ஏழு காட்சிகள் வரும்:

1. வீடு, அதிகாலை: அம்மா சோறு கட்டுகிறாள்
2. வேன் நிற்கும் இடம், காலை: அம்மா ஏறுகிறாள்
3. வீடு, பகல்: சத்தம் கேட்கிறது
4. தெரு, பகல்: ஊர் கூடுகிறது
5. வீடு, பகல்: போன் அடிக்கிறது
6. வேன் நிற்கும் இடம், மாலை: அம்மா இறங்குகிறாள்
7. வீடு, இரவு: தூக்குவாளி

வீட்டுக் காட்சிகள் 1, 3, 5, 7. இவற்றை முதல் நாளே முடித்துவிடலாம். 2, 4, 6 வெளிக் காட்சிகள். அவை இரண்டாம் நாள். வரிசையாக எடுத்திருந்தால் வீட்டுக்கும் வெளியிடத்துக்கும் மாறி மாறி அலைய வேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று கவனம்! 1-ம் காட்சியில் அம்மா கட்டியிருக்கும் சேலையை மறுநாள் 2-லும் 6-லும் கட்ட வேண்டும். தூக்குவாளி, வளையல், பொட்டு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் மறக்காது.

சத்யஜித் ராய் 1952-ல் 'பதேர் பாஞ்சாலி' எடுக்க ஆரம்பித்தபோது ஒரு நாணல் பூக் காட்டில் பாதிக் காட்சியை எடுத்தார்கள். மீதியை எடுக்க அடுத்த வாரம் போனால், பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது! மறுபடி பூக்கும் பருவம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனால், ஓர் இடத்தில் எடுக்க வேண்டியதை முடிந்தவரை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும். அந்தப் படத்துக்காக அவர் மனைவியின் நகை அடகுக்குப் போனது. படம் 1955-ல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது உண்மைதான். ஆனால் பாடத்துக்காக எடுக்கிற படத்துக்கு நாம் நகையைக் கழற்ற வேண்டாம்.

மூன்றாம் படி: நாளும் நேரமும்

- நம்ம ஊர் உச்சி வெயிலில் முகம் கறுத்து, கண்ணுக்குக் கீழ் நிழல் விழும். வெளிக் காட்சிகளைக் காலை 9 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்கு மேலும் வையுங்கள். பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் வேப்பமர நிழல் இருக்கவே இருக்கு.
- வீட்டுக்குள் ஜன்னல் பக்கம் ஆளை உட்கார வைத்தால் லைட் வாடகை மிச்சம்.
- விருதுநகரில் பங்குனிப் பொங்கல், சிவகாசியில் சித்திரைப் பொங்கல் நடக்கிற நாட்களில் மைக் செட் சத்தத்தில் வசனம் கேட்காது. அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.
- தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஆலைகளில் மூச்சு விட முடியாத வேலை. நடிக்க வருகிற அக்கா, சித்தி ஒருநாள் கூலியை இழக்க வேண்டி வரும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள்.

நான்காம் படி: யாருக்கு என்ன வேலை

குழுவில் ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பு பிரித்திருக்கிறோம் அல்லவா? அதே மாதிரிதான். இயக்குநர் ஒருவர், கேமரா ஒருவர், சத்தம் பதிவு செய்ய ஒருவர், பொருட்களையும் சேலையையும் கவனிக்க ஒருவர், பணத்துக்கு ஒருவர். பணம் வைத்திருப்பவரும் இயக்குநரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். "இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்று இயக்குநர் கேட்கும்போது "காசு இல்லை" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்!

மாதிரி வரவு செலவு (10 பேர், 2 நாள்)

சாப்பாடு, டீ (10 பேர் × 2 நாள் × ரூ.100): ரூ.2,000
பெட்ரோல், ஷேர் ஆட்டோ: ரூ.600
சட்டையில் மாட்டும் மைக்: ரூ.800
போன் ஸ்டாண்டு வாடகை: ரூ.400
மெமரி கார்டு: ரூ.500
பென் டிரைவ்: ரூ.400
சில்லறைப் பொருட்கள்: ரூ.300
கூட்டுத் தொகை: ரூ.5,000
எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்குப் பத்து: ரூ.500
மொத்தம்: ரூ.5,500

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். இருக்கிற போனிலேயே எடுக்கலாம், எடிட்டிங்கும் போனிலேயே முடியும். ஆனால் மைக்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம். படம் கொஞ்சம் மங்கினால் ஜனம் பொறுத்துக்கொள்ளும். வசனம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடும்.

செலவைப் படம் எடுக்கும் பிள்ளைகள் எல்லோரும் சமமாகப் பங்கு போட வேண்டும். பத்துப் பேர் என்றால் ஆளுக்கு ரூ.550. இதற்காகக் குழுவில் உள்கடன் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு வாங்கி நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது

"நிஜமா இருக்கணும்மா, ஆபீஸுக்குள்ள போய் எடுக்கிறோம்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடவே கூடாது. மருந்து கலக்கிற இடத்தில் ஒரு பொறி போதும், ஓர் உராய்வு போதும். போனும் கேமராவும் லைட்டும் அங்கே போகக் கூடாத பொருட்கள். 2008-ஆம் வருட வெடிபொருள் விதிகளின்படி, 18 வயது நிறையாதவர்களை உரிமம் பெற்ற வளாகத்துக்குள் விடவே கூடாது. திருட்டுத்தனமாக வீட்டில் மருந்து வைத்து வேலை நடக்கும் இடங்களுக்கும் கேமராவோடு போகக் கூடாது.

வெடிச் சத்தம் வேண்டுமென்றால் பட்டாசு கொளுத்தி எடுக்க வேண்டாம். தகர டிரம்மைத் தட்டிப் பதிவு செய்து, எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. எங்காவது நிஜமாகவே விபத்து நடந்தால் போனைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் 40 பேர் அளவில் இறந்தார்கள். ஆலையில் வேலை பார்த்தவர்கள் மட்டுமா செத்தார்கள்? காப்பாற்ற ஓடியவர்களும் பார்க்கப் போனவர்களும் சேர்ந்துதான் போனார்கள். முதல் வெடியோடு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இதைப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொன்னால் போதாது, திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சம்மதம் கேட்டு எடுக்க வேண்டும்

- முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும், "இது இன்ன படம், இன்ன இடத்தில் காட்டுவோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து.
- வேலை பார்க்கும் இடத்தைப் பற்றிக் குறை சொல்லிப் பேசுகிறவருக்கு நாளைக்கு அங்கே வேலை இருக்குமா என்று யோசிக்க வேண்டும். அவர் விரும்பாவிட்டால் கையை மட்டும் காட்டலாம், குரலை வேறொருவர் பேசலாம். ஊர்ப் பெயர், ஆலைப் பெயர் சொல்ல வேண்டியதில்லை.
- பெண்பிள்ளைகள் நடித்தால், எடுத்தது முழுவதும் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும். ஆளாளுக்குப் போனில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. இரவுக் காட்சி என்றால் நம்மில் ஒருவர் கூடவே இருப்போம்.
- பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களில் பொறுப்பானவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

எடுத்த பிறகு

அன்றன்றைக்கு எடுத்ததை அன்று ராத்திரியே பென் டிரைவிலும் ஏற்றி, இரண்டு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் உரிமைப் பிரச்சினை வரும். அதற்குப் பதில் நம்ம பாட்டிமார் பாடுகிற தாலாட்டை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்யலாமே!

படம் முடிந்ததும் முதலில் நடித்தவர்களுக்குக் காட்ட வேண்டும். "இதை எடுத்துடு தாயி" என்று யாராவது ஒரு காட்சியைச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கல்லூரிக்கும் போட்டிக்கும்.

சகோதரிகளே! படம் எடுக்கப் போகிற பிள்ளையிடம் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்: கதை எத்தனை பக்கம்? எத்தனை இடம், எத்தனை நாள்? காசு எவ்வளவு, யார் கையில்? யாரிடமெல்லாம் சம்மதம் வாங்கினாய்? ஆபத்தான இடம் ஏதாவது இருக்கா? ஐந்துக்கும் பேப்பரில் பதில் இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். இல்லாவிட்டால், "எழுதிக் கொண்டுவா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லுங்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.