செம்மண் சாலையில் மொபிலிட்டி ஸ்கூட்டர்

பீடோங், பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்துபோன கால்களுக்கு இப்போது மொபிலிட்டி ஸ்கூட்டர் தேவைப்படுகிறது. பக்கவாதம், மூட்டுத் தேய்மானம் எனக் காரணங்கள் பல இருந்தாலும் நம்மவர்களிடையே இனிப்புநீர் நோயை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. 2019-ஆம் ஆண்டு மலேசியத் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. ஆறாத புண்ணால் விரலோ பாதமோ எடுக்கப்பட்ட பிறகுதான் பல வீடுகளில் வண்டியைப் பற்றிய பேச்சே எழுகிறது.

வாங்குமுன் வழியைப் பாருங்கள்

மடித்துக் காரில் வைக்கக்கூடிய சிறிய வண்டி பேரங்காடித் தரைக்கு அருமையானது. மழை பெய்து லோரித் தடம் விழுந்த செம்மண் பாதையில் அதன் சின்னச் சக்கரம் சிக்கிக்கொள்ளும். மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் லாவகமாகத் திரும்பினாலும் வளைவில் எளிதில் சாயும். தோட்டப்புறத்துக்கு நான்கு சக்கரமும் பெரிய டயரும்தான் என் தேர்வு. கடைக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது. முடிந்தால் உங்கள் வீட்டு வாசலில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாசற்படியையும் அளந்துகொள்ளுங்கள். சாய்தளத்துக்கான பொது அளவு 1-க்கு 12. படி ஓர் அடி உயரமென்றால் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும். நம் வீடுகளில் போடுவதோ மூன்றடிப் பலகை! வண்டி பின்பக்கமாகக் கவிழ அதுவே போதும்.

வேகத்தைவிடச் சரிவுக்கு அஞ்சுங்கள்

இவ்வகை வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கைப்பிடி விசையை விட்டாலே மின்பிரேக் பிடித்துவிடும். பதற்றத்தில் அந்த விசையையே இறுக்கிப் பிடிப்பவர்கள்தான் கால்வாயில் இறங்குகிறார்கள். பின்புறம் ஒரு நெம்புகோல் இருக்கும். கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விடுவிப்பது அது. விடுவித்தால் அந்தப் பிரேக்கும் போய்விடும். பேரப்பிள்ளைகள் தள்ளி விளையாடிவிட்டு அப்படியே விட்டுப்போன வண்டியில் மேட்டின்மேல் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஏறுமுன் அந்த நெம்புகோலைப் பாருங்கள்.

மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். சரிவின் நடுவே திரும்பக் கூடாது. அரிசி மூட்டையை இருக்கையின் பின்னால் மாட்டாதீர்கள். ஒரு கையில் குடை, மறு கையில் கைப்பிடி என்ற வித்தையும் வேண்டாம். சாவியை அணைத்த பிறகே இறங்குங்கள். முழங்கை விசையில் பட்டாலும் வண்டி நகர்ந்துவிடும்.

சாலையில் ஓட்டலாமா?

2021 டிசம்பரில் அரசாங்கப் பதிவேட்டில் வெளியான விதிகள் மின்ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டத் தடை விதித்தன. நடக்க இயலாதவர்களின் மொபிலிட்டி ஸ்கூட்டரும் அவ்விதிகளுக்குள் வருகிறது. உங்கள் வழியைக் குறித்து ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்துத் துறை) கேட்டுத் தெளிவது நல்லது. நடைபாதையே இல்லாத ஊரில் சாலைக்கு வராதே என்பது முழுமையான பதில் ஆகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சுங்கை பட்டாணிக் கடைத்தெருவில் காக்கி லீமா எனும் கடை முன் நடைபாதையை மோட்டார் சைக்கிள்கள் அடைத்து நிற்கும். கடைக்குக் கடை தரைமட்டமும் மாறும்.

சாலையைக் கடக்க நேர்ந்தால் சமிக்ஞை விளக்கு உள்ள இடத்தில் குறுக்காக அல்லாமல் நேராகக் கடந்துவிடுங்கள். உயரமான லோரி இருக்கையிலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். உயரமான கம்பில் ஆரஞ்சுக் கொடியும் ஒளிரும் பட்டையும் கட்டாயம். தைப்பூசக் கூட்டத்தில் வண்டிக்கு முன்னால் ஒருவர் நடக்கட்டும்.

கால் சொல்லாததைக் கண் பார்க்கட்டும்

உணர்ச்சி மரத்த பாதம் மிதிதட்டைவிட்டு நழுவித் தரையில் உரசினாலும் வலிக்காது. ஆகவே மூடிய காலணி அணியுங்கள். வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கைலியும் முந்தானையும் சக்கரம் பக்கம் தொங்கக் கூடாது. இன்சுலின் போடுபவர் புறப்படுமுன் சர்க்கரை அளவைப் பார்த்து, பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளட்டும். நடுக்கமோ பார்வை மங்கலோ வந்தால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். நீண்ட நேரம் உட்காரும்போது அவ்வப்போது உடலை உயர்த்தி எடையை மாற்றுங்கள். புட்டத்தில் அழுத்தப் புண் வரும் வாய்ப்புக் குறையும். நடக்க முடிந்தவர்கள் வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பதை விட்டுவிடக் கூடாது.

லித்தியம் பேட்டரியை இரவில் எல்லாரும் தூங்கும்போது வாசற்கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபடும்.