அர்சினோவில் மூன்று நாட்கள்

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எகிப்து தேசத்திலே நைல் நதிக்கு மேற்கே, ஃபையூம் என்று இன்று வழங்கும் வளமான தாழ்நிலத்தில், அர்சினோ என்னும் பிரதேசத்துக் கிராமச் சபைகள் ஒரு நூலை முன்னிட்டுத் தம்முள் பிணங்கிக் கிடந்தன. அந்நூலை இயற்றிய நேப்போஸ் என்னும் அத்தியட்சர் அப்போது உயிரோடு இல்லை. ஆயினும் ‘உருவகவாதிகளுக்கு மறுப்பு’ என்ற பொருளுடைய பெயரிட்டு அவர் விட்டுச்சென்ற கிரந்தத்தை, வேத புஸ்தகத்திலும் காணக்கிடைக்காத ஏதோ மகா இரகசியம் அதில் பொதிந்திருப்பதாகப் போதகர்கள் சிலர் கொண்டாடி வந்தார்கள். இதனால் சில ஊர்களில் சபை முழுவதுமே பிரிந்துபோகும் அளவுக்கு விவகாரம் முற்றியிருந்தது.

விவகாரத்தின் மூலம் விவிலியத்தின் கடைசி ஆகமமாகிய வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரம். ‘ஆயிரம் வருஷம்’ என்ற சொற்றொடர் அங்கே சில வசனங்களுக்குள் ஆறு முறை வருகிறது. வலுசர்ப்பம் கட்டப்படுகிறது, இரத்தசாட்சிகள் உயிர்த்தெழுந்து கிறிஸ்துவோடு ஆயிரம் வருஷம் அரசாளுகிறார்கள். இந்த அரசாட்சி இப்பூமியின் மேல், உண்டும் உடுத்தும் வாழ்கின்ற மெய்யான மனிதர் நடுவில், எண்ணினால் ஆயிரமாகவே வரும் வருஷங்களுக்கு நடைபெறப் போவதா, அல்லது கண்ணுக்குத் தோன்றாத ஒரு சத்தியத்தைக் குறிக்கும் சித்திரமா என்பதே வினா. அக்ஷரார்த்தமே சரி என்று எழுதினார் நேப்போஸ்.

அக்ஷரார்த்தம் கொண்டவர்களைப் பாமரர் என்று ஒதுக்குவது பிற்காலத்தவர் செய்த அநியாயம் என்றே நான் கருதுகிறேன். இரண்டாம் நூற்றாண்டின் பெரியோர்களில் பாப்பியாஸ், யுஸ்தீன், இரேனேயுஸ் ஆகியோர் பூமியில் நிகழவிருக்கும் அந்த அரசாட்சியை உறுதியாக நம்பினார்கள். யுஸ்தீனோ உரோமாபுரியில் தலை கொடுத்த இரத்தசாட்சி. எந்த மண்ணில் தங்கள் சகோதரரின் இரத்தம் சிந்தப்பட்டதோ அந்த மண்ணிலேயே நீதி விளங்க வேண்டும், எந்தச் சரீரம் வதைக்கப்பட்டதோ அந்தச் சரீரமே மகிமை பெற வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்ததைப் பேராசை என்று யார் சொல்லக்கூடும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்முடைய நம்பிக்கையைத் திடமாக எடுத்துரைக்கும் அதே இடத்தில், பக்தியிலும் தூய்மையிலும் குறைவற்ற கிறிஸ்தவர் பலர் இவ்விஷயத்தில் வேறாக எண்ணுகிறார்கள் என்பதையும் யுஸ்தீன் ஒப்புக்கொண்டு எழுதினார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை நான் பெரிதும் மதிக்கிறேன்.

எனினும், அந்த ஆகமத்தைத் திறந்து முதலதிகாரத்தைப் படிப்பவனுக்கு, அதை வாசிக்க வேண்டிய முறையை அதுவே கற்பித்துவிடுகிறது. பத்மு தீவிலே யோவான் கண்ட ஏழு நட்சத்திரங்கள் ஏழு சபைகளின் தூதர்கள் என்றும், ஏழு பொன் குத்துவிளக்குகள் அந்த ஏழு சபைகளே என்றும் அங்கேயே விளக்கம் தரப்படுகிறது. பதினேழாம் அதிகாரத்தில் மிருகத்தின் ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று சொல்லும்போது, ஏழு குன்றுகளின் மேல் அமைந்த உரோமாபுரியை நினையாத வாசகர் அக்காலத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார். 666 என்ற இலக்கத்தைக் கணக்கிடும்படி நூலே அழைக்கிறது. நீரோ கைசர் என்ற பெயரை எபிரேய எழுத்துக்களில் எழுதி, அவற்றின் எண் மதிப்பைக் கூட்டினால் அத்தொகை வரும். பெயரைச் சிறிது மாற்றி எழுதினால் 616 வரும். சில பழைய பிரதிகளில் அந்த எண்ணே காணப்படுகிறது. குறிஞ்சியின் சுனையும் மருதத்தின் எருமையும் வெறும் சுனையும் எருமையும் அல்ல என்று உள்ளுறை கண்டு பழகிய தமிழ் வாசகர்களுக்கு, பேசப்படும் பொருளின் பின்னே பேசப்படாத பொருள் நிற்கும் இத்தகைய எழுத்து அந்நியமானதன்று.

ஆனால் உருவகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அலெக்சாந்திரியாவின் மகாபண்டிதராகிய ஒரிகேன் பூமியில் நடக்கும் விருந்தையும் அரசையும் எதிர்பார்த்தவர்களைக் கண்டித்து, அனைத்தையும் ஆன்மாவின் வளர்ச்சியாகக் கண்டார். அவ்வழியே வெகுதூரம் சென்றால், நியாயத்தீர்ப்பு என்பதே மனத்தினுள் நிகழும் ஒரு சலனமாகத் தேய்ந்து, ஆறாம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழிருந்து ‘இன்னும் எத்தனை காலம்’ என்ற பொருளில் கூப்பிடும் ஆத்துமாக்களுக்கு மறுமொழியே இல்லாமற் போகும். நேப்போஸ் அஞ்சியது இதையே என்று நினைக்கிறேன். அந்த அச்சம் நியாயமானது.

இப்பிணக்கைத் தீர்க்க அர்சினோவுக்கு வந்தவர், ஒரிகேனின் மாணாக்கரும் அலெக்சாந்திரியாவின் அத்தியட்சருமாகிய தியோனீசியுஸ். தேக்கியுஸ், வலேரியான் என்னும் இரு சக்கரவர்த்திகளின் காலத்திலும் துன்புறுத்தலுக்கு ஆளாகி, வலேரியான் காலத்தில் லீபியாவின் ஒரு மூலைக்கு நாடுகடத்தப்பட்டவர் அவர். ஆதலால் துன்பத்தின் நடுவே பிறக்கும் நம்பிக்கையின் அருமை அவருக்குத் தெரியாததன்று. அதிகாரத்தைக் காட்டி அந்நூலைத் தடைசெய்ய அவர் முனையவில்லை. கிராமங்களின் மூப்பர்களையும் போதகர்களையும் வரவழைத்து, விரும்பிய பொதுமக்களும் உடனிருக்க, நேப்போஸின் நூலை நடுவில் வைத்து, காலை முதல் மாலை வரை தொடர்ந்து மூன்று நாட்கள் அதைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தார்.

அந்த மூன்று நாட்களைப்பற்றி அவர் எழுதிவைத்தது சபைச் சரித்திரத்திலேயே அபூர்வமான ஓர் ஏடு. எதிர்த்தரப்பாரின் அறிவையும் சத்தியத்தில் அவர்களுக்கிருந்த பற்றையும் அவர் மனமாரப் புகழ்கிறார். கேள்விகளும் ஐயங்களும் உடன்பாடுகளும் ஒழுங்காக எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒருமுறை கொண்ட கருத்து என்பதற்காக அதையே பிடிவாதமாகப் பற்றிக்கொள்ள எவரும் முயலவில்லை. ஆட்சேபங்களைக் கண்டு ஒருவரும் நழுவவில்லை. நியாயம் விளங்கியபோது கருத்தை மாற்றிக்கொள்ள வெட்கப்படவும் இல்லை. இறந்துபோன நேப்போஸையோ, விசுவாசத்துக்காகவும் உழைப்புக்காகவும் வேதப் பயிற்சிக்காகவும், சகோதரர்கள் அப்போதும் பாடி மகிழ்ந்த கீர்த்தனங்களுக்காகவும் தாம் நேசிப்பதாகச் சொல்லி, ஆனால் சத்தியம் அதனினும் அன்புக்குரியது என்று முடிக்கிறார். மூன்றாம் நாளின் முடிவில், அக்கொள்கைக்குத் தலைவராயிருந்த கொராக்கியோன் என்பவர், இனி அதைப் பற்றப் போவதுமில்லை, போதிக்கப் போவதுமில்லை என்று சபையார் கேட்க ஒப்புக்கொண்டார்.

வென்றவர் தியோனீசியுஸ்தான்; ஆனால் வெற்றி பெற்ற கையோடு அந்த ஆகமத்தையே தள்ளிவிட அவர் துணியவில்லை. அவருக்கு முன்னிருந்த சிலர் அதை முற்றிலும் நிராகரித்து, கெரிந்துஸ் என்னும் கள்ளப்போதகனின் கட்டுக்கதை என்றும் சொல்லியிருந்தார்கள். அவரோ, சகோதரர் பலர் அருமையாகப் போற்றும் ஒரு நூலைத் தள்ளத் தாம் துணியமாட்டார் என்றும், தம் புத்திக்கு எட்டாத ஆழ்ந்த பொருள் அதில் இருப்பதாகவே கொள்வதாகவும் எழுதினார். அதே மூச்சில், யோவான் சுவிசேஷத்தின் கிரேக்க நடையையும் இவ்வாகமத்தின் நடையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒருவர் கையால் ஆனவை அல்ல என்ற முடிவுக்கு வந்தார். பக்தியும் ஆராய்ச்சியும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

பிற்காலத்தில் மேலைத் திருச்சபை சென்ற பாதையைச் செப்பனிட்டவர் அகுஸ்தீன். தாமும் முன்பு அக்ஷரார்த்தக் கட்சியில் இருந்ததை மறைக்காமல் சொல்லி, ஆயிரம் என்பது பத்தின் கனம் ஆதலால் காலத்தின் பூரணத்தைக் குறிக்கக்கூடும் என்றும், அவ்வரசாட்சி சபையின் காலத்தில் இப்போதே நடைபெறுகிறது என்றும் ‘கடவுளின் நகரம்’ என்ற நூலின் இருபதாம் காண்டத்தில் அவர் விளக்கினார்.

ஆயினும் அக்ஷரார்த்த எதிர்பார்ப்பு அதோடு ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்னும் விவசாயி செய்த கணக்கு உலகறிந்தது. தானியேல் ஆகமம் கூறும் 2300 நாட்களைக் கி.மு. 457 முதல் எண்ணிய அவர், கிறிஸ்துவின் வருகை 1843ஐ ஒட்டி நிகழும் என்று பிரசங்கித்தார். பின்னர் அவருடைய கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாளையும் குறித்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டுக் காத்திருந்தவர்களும் அவர்களுள் உண்டு. அந்த நாள் வந்தது, போயிற்று. விடியும்வரை அழுதவர்களை நினைக்கையில் எனக்குப் பரிதாபமே மேலிடுகிறது. நம் பக்கத்திலும், தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து திருவாங்கூரில் கிறிஸ்தவப் போதகரான யுஸ்துஸ் யோசேப்பு என்ற விதுவான் குட்டி, 1881இல் ஆண்டவர் வருவார் என்று அறிவித்து ஒரு கூட்டத்தாரைக் காத்திருக்க வைத்தார். மில்லரின் கணக்கில் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு: வசனம் எழுத்தின்படியே நிறைவேறும் என்ற கணக்கு, ‘நாள்’ என்ற சொல்லை ‘வருஷம்’ என்று மாற்றிக்கொண்ட பிறகே பிறந்தது. எழுத்தை மட்டும் பற்றுவதாகச் சொல்பவரும் ஏதோ ஓரிடத்தில் உருவகத்தைக் கையாளாமல் ஒரு தேதியையும் குறிக்க முடியாது. ஆகையால் தேதி குறித்தவர்களின் தவறு அக்ஷரத்தை நம்பியதில் இல்லை. ‘அந்த நாளையும் நாழிகையையும்’ ஒருவரும் அறியார் என்ற எளிய அக்ஷரத்தை நம்பாமற் போனதில்தான் இருக்கிறது.

இன்றும் யுத்தச் செய்தி வரும்போதெல்லாம் மிருகத்துக்குப் புதிய பெயர் சூட்டும் பிரசுரங்கள் நம் சபை வாசல்களில் கைமாறுகின்றன. அவற்றை மறுக்கும் படித்தவர்கள், அப்பாமர ஜனங்களின் ஏக்கத்தையும் சேர்த்து இகழ்கிறார்கள். இரு திறத்தாருக்கும் நான் ஒன்றை வேண்டிக்கொள்கிறேன். நேப்போஸின் நூல் இன்று கிடைக்கவில்லை. அதற்கு மறுமொழியாகத் தியோனீசியுஸ் எழுதிய ‘வாக்குத்தத்தங்களைப்பற்றி’ என்ற இரு நூல்களும் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அந்த மூன்று நாட்களைச் சொல்லும் பகுதியை எவுசேபியுஸ் தம்முடைய திருச்சபைச் சரித்திரத்தின் ஏழாம் புத்தகத்தில், இருபத்துநான்காம் அதிகாரத்தில் எடுத்தெழுதிக் காத்து வைத்திருக்கிறார். அடுத்த பிரசுரத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன்னும், அதற்கு மறுப்பு எழுதும் முன்னும், அந்தச் சில பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.