துவேமர் எங்கே போனார்கள்?

டீயைக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேளுங்கள், அவசரமாகச் சொன்னால் இந்தக் கதை பிடிபடாது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்று ஒரு கணினி விளையாட்டு வரிசை. அதன் மூன்றாம் பாகம் ‘மாரோவிண்ட்’, 2002இல் வந்தது. அதில் வரும் தீவின் மலைகளுக்கிடையே அங்கங்கே பாழடைந்த கோட்டைகள் தென்படும். உள்ளே போனால் நீராவிக் குழாய்கள், பித்தளைக் கதவுகள், யாருக்காகவோ இன்னமும் காவல் காக்கும் இயந்திரங்கள். கட்டியவர்களில் ஒருவரைக்கூடக் காணோம். துவேமர் என்பது அவர்கள் பெயர்.

கடவுள்களை வணங்காத இனம் அது. அறிவையும் உலோகத்தையும் ஒலியின் சக்தியையும் நம்பியவர்கள். அவர்களுடைய அரசன் டூமாக். பக்கத்து இனமான கைமரின் தலைவன் நெரெவார் அவனுக்கு உயிர்த்தோழன். இருவரும் சேர்ந்து நார்டு என்ற இனத்தவரைத் துரத்தியவர்கள். பிறகு அந்தத் தீவின் செம்மலைக்கு அடியில் லோர்கான் என்ற கடவுளின் இதயம் துவேமருக்குக் கிடைத்தது. தலைமைச் சிற்பி காக்ரெனாக் அந்த இதயத்தைக் கையாள ஒரு கையுறை, ஒரு சுத்தியல், ஒரு கத்தி என மூன்று கருவிகள் செய்தான். இதயத்தின் சக்தியால் இயங்கும் ஒரு பித்தளைக் கடவுளை உருவாக்குவது திட்டம். செய்தி வெளியே கசிந்தது, நண்பர்களுக்குள் போர் மூண்டது. அந்தப் போரின் முடிவில் துவேமர் மொத்தமாக மறைந்தார்கள். போர்க்களத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, தொலைதூர நாடுகளில் இருந்த துவேமரும்தான்.

எப்படி? விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கும் நூல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. காக்ரெனாக் கருவிகளை இதயத்தின் மேல் பிரயோகித்தான், அந்தக் கணமே மறைந்தார்கள் என்கிறது ஒன்று. அசூரா தேவதை வழிகாட்ட நெரெவாரே கருவிகளைப் பிடித்தான், துவேமர் தூசியாக உதிர்ந்தார்கள் என்கிறது இன்னொன்று. இதில் முதல் வரலாற்றைச் சொல்பவர் விவெக். அவர் யாரென்று கவனியுங்கள்: போருக்குப் பிறகு அதே கருவிகளை அதே இதயத்தில் பயன்படுத்திக் கடவுளாகிவிட்ட மூவரில் ஒருவர். துவேமரின் அழிவால் ஆதாயம் அடைந்தவரே சாட்சியும் சொல்கிறார். இந்தப் புராணத்தின் உயரம் எனக்கு இங்கேதான் தெரிகிறது. மறைந்துபோனவர்கள் தங்கள் தரப்பைச் சொல்ல முடியாது. எஞ்சி நின்றவர்களின் எழுத்தை வைத்துக்கொண்டு நாம்தான் துருவித் துருவிப் பார்க்க வேண்டும். உண்மையான பழைய வரலாற்றைப் படிப்பதும் இப்படித்தானே!

ஒருவர் மட்டும் தப்பினார். அன்று வேறொரு புறவுலகில் இருந்த கைவினைஞர் யாக்ரம் பகார்ன். திரும்பி வந்து பார்த்தால் தன் இனமே இல்லை. தேடி அலைந்தவரைக் கார்ப்ரஸ் நோய் பிடித்தது. மந்திரவாதி டிவாயத் ஃபிரின் கோபுரத்துக்கு அடியில், ஊதிப்போன உடலை இயந்திரச் சிலந்திக் கால்களில் தாங்கிக்கொண்டு வாழ்கிறார். அந்த இனத்தில் உயிரோடு இருக்கும் ஒரே ஆளுக்கும் விடை தெரியாது என்று எழுதியிருக்கிறார்களே, அந்தத் துணிச்சலை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அதற்காகத் துவேமரை அப்பாவிகளாக நினைத்துவிட வேண்டாம். 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ பாகம் அவர்களுடைய இன்னொரு முகத்தைக் காட்டியது. அடைக்கலம் தேடி வந்த பனி எல்ஃப்களைக் குருடாக்கி அடிமைகளாக வைத்திருந்தவர்கள் அவர்கள். அதே பாகத்தில் ஆர்னியல் கேன் என்ற அறிஞர் காக்ரெனாக்கின் கத்தியை வைத்துப் பழைய சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கிறார். அவரும் காணாமல் போகிறார். விடையோ இன்றுவரை இல்லை.

நீங்கள் ‘மாரோவிண்ட்’ விளையாடினால் கதையின் நடுவே ஒரு காலணியை வாங்கி வரும்படி யாக்ரமிடம் உங்களை அனுப்புவார்கள். வாங்கிய கையோடு கிளம்பிவிடாதீர்கள். அவருடைய மக்களைப் பற்றிக் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்.