விசாவும் பயண இசைவும் வருகை அட்டையும்

"அந்நாட்டிற்கு விசா வேண்டியதில்லை" என்று கேட்டவுடன், கடப்பிதழ் ஒன்றே போதும் என மக்கள் பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு பிழையானது. குறுகிய காலப் பயணத்திற்கு நாடுகள் கேட்பவை மூவகைப்படும். அவற்றின் வேறுபாட்டை அறியாதார் விமான நிலையத்திலிருந்தே வீடு திரும்ப நேரிடும்.

முதலாவது விசா. பயணியின் நோக்கத்தை ஆராய்ந்து ஒரு நாடு முன்கூட்டியே அளிக்கும் ஒப்புதல் அது. மலேசியரும் சிங்கப்பூரரும் இந்தியா செல்ல விசா பெறுதல் வேண்டும். இணையவழிப் பெறும் மின்விசாவும் விசாவே. விண்ணப்பிக்கும் முறைதான் வேறு.

இரண்டாவது பயண இசைவு. விசா தேவைப்படாதவரையும் புறப்படுமுன் சரிபார்க்கும் ஏற்பாடு இது. பிரிட்டனில் விசாவின்றி ஆறு திங்கள் வரை தங்க இவ்விரு நாட்டார்க்கும் இடமுண்டு. ஆயினும் 2025 சனவரி 8 முதல் அவர்கள் இவ்விசைவைப் பெற்றே செல்லுதல் வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி இசைவு தேவை. அஃது இரண்டாண்டு செல்லும். ஆனால் கடப்பிதழோடு பிணைக்கப்பட்டதாகையால், புதிய கடப்பிதழ் எடுத்தவர் மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டும். பெயரைக் கொண்டே வகையைத் துணிதலும் ஆகாது. ஆஸ்திரேலியாவின் மின்னியல் பயண இசைவு, அந்நாட்டுச் சட்டப்படி ஒருவகை விசாவே ஆகும்.

மூன்றாவது வருகை அட்டை. இஃது அனுமதியன்று, பயணி தம்மைப் பற்றித் தரும் அறிவிப்பே. சிங்கப்பூருக்குச் சுற்றுலா செல்லும் மலேசியர், சென்று சேரும் நாள் உட்பட மூன்று நாளுக்குள் இதனை இணையத்தில் நிரப்புதல் வேண்டும். மலேசியாவும் 2024 சனவரி முதல் இத்தகைய அட்டையைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு. இரு நாடுகளும் இதற்குக் கட்டணம் பெறுவதில்லை. பணம் கேட்கும் இணையத்தளம் அரசினுடையது அன்று என அறிக.

இவற்றுள் எதுவும் நுழைவை உறுதி செய்வதில்லை. இறுதி முடிவு குடிநுழைவு அதிகாரியினுடையதே. எனினும் முதற்சோதனை விமான நிறுவனத்தின் முகப்பிலேயே நிகழ்கிறது. உரிய ஆவணமின்றி ஒருவரை ஏற்றிச் சென்றால் நிறுவனத்தின்மேல் தண்டம் விழும் என்பதே காரணம்.

கடப்பிதழின் காலவரையும் கருதத்தக்கது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா ஆகிய மூன்று நாடுகளும் அது ஆறு திங்களேனும் செல்லத்தக்கதாய் இருத்தலை வேண்டுகின்றன.

இவ்விதிகள் பெரும்பாலும் பயணி வாழும் நாட்டைப் பொறுத்தவை அல்ல. கடப்பிதழ் எந்நாட்டினது என்பதைப் பொறுத்தவை. ஒரே வீட்டில் கணவர் சிங்கப்பூர்க் குடிமகனாகவும், மனைவி இந்தியக் கடப்பிதழுடைய நிரந்தரவாசியாகவும் இருக்கலாம். பிரிட்டன் செல்ல அவருக்குப் பயண இசைவு, இவருக்கோ விசா. ஆதலின் குடும்பத்தையோ மாணவரையோ அழைத்துச் செல்வோர் தம் கடப்பிதழை மட்டும் நோக்குதல் போதாது. உடன் வரும் ஒவ்வொருவர் கடப்பிதழையும் தனித்தனியே விரித்துப் பார்த்தல் கடமையாகும்.