குழந்தை சொன்னதைக் கேட்ட தந்தை



விடுமுறை என்றதும் நம்மிற் பலருடைய மனம் கடற்கரையை நாடுகின்றது. ஆண்டு முழுவதும் உழைத்துக் களைத்தவர், அலையோசையைக் கேட்டவாறு மணலில் அமர்ந்திருக்கும் சில நாட்களுக்காகப் பணம் சேர்க்கின்றார். அந்நாட்களில் எவரும் தமது அமைதியைக் குலைக்கலாகாது என்றும் எதிர்பார்க்கின்றார். அதில் தவறேதுமில்லை. ஆனால் இளைப்பாறுதல் வேறு. செவியை அடைத்துக்கொள்ளுதல் வேறு. இந்த வேறுபாட்டை உணர்த்தும் நிகழ்வொன்றை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

2004ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையைக் கழிப்பதற்காக இங்கிலாந்துக் குடும்பமொன்று தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குச் சென்றிருந்தது. தந்தை, தாய், இரு பெண்பிள்ளைகள். மூத்தவளின் பெயர் டில்லி ஸ்மித்; வயது பத்து. டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிறு காலை அவர்கள் மைக்காவ் கடற்கரையில் உலாவிக்கொண்டிருந்தனர்.

அன்று கடல் வழமைக்கு மாறாக இருந்தது. அலை வந்து மீள்வதற்குப் பதிலாக, நீர் மேன்மேலும் கரையேறியபடியே இருந்தது. அது நுரைத்துக் குமிழியிட்டது. கரையில் நின்ற அனைவரும் அதனைக் கண்டனர். ஆயினும், அதன் பொருளை அறிந்தவள் அச்சிறுமி. இரு வாரங்களுக்கு முன்னர் அவளுடைய புவியியல் ஆசிரியர், 1946இல் ஹவாய்த் தீவுகளைத் தாக்கிய சுனாமியின் படக்காட்சியை வகுப்பிற் காட்டி விளக்கியிருந்தார்.

அவள் பெற்றோரிடம் கூறினாள். அவர்கள் உடனே நம்பவில்லை. தாய் தொடர்ந்து நடந்தார். சிறுமியோ விடவில்லை, அழுது கூச்சலிட்டாள். இறுதியில் தந்தை அவளுடைய கலக்கத்தைப் பொருட்படுத்தி, ஹொட்டல் காவலரிடம் விடயத்தைத் தெரிவித்தார். கரையில் நின்றோர் அகற்றப்பட்டனர். சற்று நேரத்தில் பேரலை வந்தது. சுமார் நூறு பேர் உயிர் தப்பினர். அக்கடற்கரையில் ஒருவரேனும் இறந்ததாகப் பதிவில்லை.

உலகம் அச்சிறுமியைப் பாராட்டியது, அது தகுந்ததே. எனினும் என் சிந்தை அத்தந்தையிடமே செல்கின்றது. வெயிலும் அமைதியும் நிறைந்த காலை. முன்பின் அறியாத மனிதரிடம் சென்று, தம் பத்து வயது மகள் ஆபத்து வருவதாகச் சொல்கின்றாள் என்று கூறவேண்டும். அவள் சொன்னது பிழையாயின் நகைப்புக்கு ஆளாகவேண்டும். அந்த வெட்கத்தை ஏற்க அவர் துணிந்தார்.

விவிலியத்தில் ஏலி என்னும் முதிய குருவை நாம் சந்திக்கின்றோம். சீலோவின் ஆலயத்தில் இரவில் ஆண்டவர் அழைத்தது, அநுபவமிக்க அக்குருவை அன்று, சிறுவன் சாமுவேலையே. சிறுவன் மும்முறை ஓடிவந்து அவருடைய உறக்கத்தைக் கலைத்தான். ஏலி சினங்கொள்ளவில்லை. அழைப்பவர் ஆண்டவரே என உணர்ந்து, அவருக்குச் செவிகொடுக்கும் வழியைக் கற்பித்தார். மறுநாள், தம் வீட்டுக்கே எதிரான செய்தி என்றபோதிலும் எதனையும் மறைக்காது சொல்லும்படி கேட்டார் (1 சாமு 3).

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். அதே காலையில் நம் நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் எச்சரிக்கையைத் தட்டிக்கழித்தவர்கள் அல்லர். எச்சரிக்கை அவர்களை எட்டவேயில்லை. மாத்தறை மாதா திருத்தலத்தினுள் ஞாயிறு திருப்பலி வேளையிலேயே கடல் புகுந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று இயேசு கூறியதை (லூக் 13) நாம் மறத்தலாகாது. ஆகவே தப்பியோரைப் புண்ணியவான்கள் என்றோ, இறந்தோரைத் தண்டிக்கப்பட்டோர் என்றோ தீர்ப்பிட எவருக்கும் உரிமையில்லை. எச்சரிக்கை கிடைத்தவருக்கு உரியது பெருமையன்று, பொறுப்பே.

அந்தப் பொறுப்பு நம் இல்லங்களிலேயே தொடங்குகின்றது. பாடசாலை செல்லத் தயங்கும் பிள்ளை, குறிப்பிட்ட உறவினர் வரும்போது ஒளிந்துகொள்ளும் சிறுமி, தந்தையின் குடிப்பழக்கத்தைப் பற்றித் தயக்கத்தோடு வாய்திறக்கும் மகன் ஆகியோர் நமது ஓய்வைக் குலைக்கின்றனர். 'உனக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இரு' என்பது நமக்கு எளிதான பதில். குருக்களாகிய நாமும் பங்கில் இளையோருக்கு இதே பதிலை அளித்ததுண்டு. கரையில் நுரை பொங்குவதைக் கண்டு குரல் எழுப்பியவரை நாமே வாயடைக்கச் செய்கின்றோம்.

அன்புக்குரியவர்களே, அடுத்த விடுமுறையில் நீங்கள் கடற்கரைக்குச் செல்லுங்கள், மனமார இளைப்பாறுங்கள். ஆனால் உங்கள் கையைப் பற்றி இழுக்கும் சிறு கையை உதறிவிடாதீர்கள். சற்று நின்று, குனிந்து, அப்பிள்ளை சொல்வதை முழுமையாகக் கேளுங்கள். ஏலிக்கு அருளப்பட்ட அந்தப் பொறுமையை இறைவன் நமக்கும் அருள்வாராக.