திறந்த தரவும் மக்கள் நம்பிக்கையும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தமிழ் வணிகர் பலர் உள்ளனர். வெளியூர்ச் சந்தைகளின் அன்றாடக் காய்கறி விலையை அவர்கள் அரசின் இணையதளத்தில் காணலாம். இவ்வாறு யாவரும் பயன்படுத்துமாறு அரசு வெளியிடும் தகவல் 'திறந்த தரவு' எனப்படும்.

ஆனால், ஒருவரது நோய் பற்றிய விவரம் விலைப்பட்டியல் போன்றதன்று. 2020ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில், மக்களின் உடல்நல விவரங்களைத் தொகுத்து ஆராயக் கேரள அரசு ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தை நாடியது. அவ்விவரங்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்னும் ஐயம் எழுந்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்தை அடைந்தது. ஏப்ரல் 24 அன்று நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. ஆளை அடையாளம் காட்டும் குறிப்புகளை நீக்கிய பின்னரே தரவை நிறுவனத்திற்கு அளித்தல் வேண்டும். வெளி நிறுவனமும் அதனைக் காணக்கூடும் என்பதை மக்களிடம் முன்னரே கூறி, அவர்களது இசைவைப் பெறுதல் வேண்டும் என்றது.

இத்துணைக் கவனம் எதற்கு? தம் விவரம் காக்கப்படும் என்று நம்பினால்தான் மக்கள் தம் நோயை மறைக்காமல் கூறுவர். மறைத்தால் நோய் பரவும். ஆகவே, பொதுத் தகவலைத் திறந்து வைத்தலும் தனிமனிதர் விவரத்தைக் காத்தலும் அரசின் இரு கடமைகளாகும்.