காலில் இருந்து ஒரு தாடை!

வாய்ப் புற்றுநோய் என்றதும் நோயை விட முகத்தை நினைத்தே பலர் நடுங்குகிறார்கள். "தாடையை எடுத்துட்டா எப்படிங்க சாப்பிடுறது? நாலு பேர் முகத்துல எப்படி முழிக்கிறது?" என்று ஆபரேஷனுக்குப் பயந்து, பொடி, கஷாயம் என நாளைக் கடத்துகிறார்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்... அந்தத் தாமதம்தான் உயிருக்கு ஆபத்து. எடுத்த தாடையைத் திரும்பக் கட்டித் தர இன்று நல்ல வழி இருக்கிறது.

எலும்பு எங்கிருந்து வருகிறது?

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டு. உடல் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது உள்பக்கத் தடித்த எலும்பு. வெளிப்பக்க மெல்லிய எலும்புக்கு ஃபிபுலா என்று பெயர். மூட்டுகளை ஒட்டிய இரு முனைகளையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்தாலும் நடக்க முடியும். அதை ரத்தக் குழாயோடும், தேவையானால் தோலோடும் எடுத்துத் தாடையில் பொருத்தும் முறையை அமெரிக்க சர்ஜன் டேவிட் ஹிடால்கோ 1989-ல் விவரித்தார். குழாயை மைக்ராஸ்கோப் வைத்துக் கழுத்து ரத்தக் குழாயோடு தைப்பார்கள். ரத்தம் ஓடினால்தான் எலும்பு பிழைக்கும்.

கம்ப்யூட்டர் எதற்கு?

கால் எலும்பு நேரானது. தாடையோ லாடம் போல வளைந்தது. அதனால் எலும்பைத் துண்டு போட்டு வளைத்துச் சேர்க்க வேண்டும். முன்பெல்லாம் இதைக் கண் அளவில் செய்தார்கள். இப்போது முகத்தையும் காலையும் சி.டி. ஸ்கேன் எடுத்து, எங்கே, எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று கம்ப்யூட்டரிலேயே ஒத்திகை பார்க்கிறார்கள். பிறகு த்ரீ-டி பிரிண்டரில் தாடையின் மாதிரியும், ரம்பம் விலகாமல் வெட்ட உதவும் அச்சுகளும் தயாராகும். டைட்டானியம் தகட்டையும் முன்பே வளைத்து வைக்கலாம். எலும்புத் துண்டுகள் கச்சிதமாகப் பொருந்தும். ஆபரேஷன் நேரமும் குறையும்.

இதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பிரிண்டர் தருவது அளவு மட்டுமே. உயிருள்ள சதையும் எலும்பும் உங்கள் உடம்பிலிருந்துதான் வர வேண்டும்.

குறையே இல்லையா?

உண்டு. செலவு அதிகம். முதல் சில நாட்களில் தைத்த குழாய் அடைத்துக்கொண்டால் மறுபடி தியேட்டருக்குப் போக வேண்டி வரும். ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் இடையே கட்டி வளர்ந்துவிட்டால் போட்ட திட்டமே பொருந்தாது. ஆகவே ஸ்கேன் எடுத்த பிறகு, "ஆடி போகட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். பீடி, சிகரெட், புகையிலையை உடனே நிறுத்துங்கள். புகைத்தால் புண் ஆறுவது தாமதமாகும். ஆபரேஷனுக்குப் பின் சில நாட்கள் மூக்குக் குழாய் வழியேதான் ஆகாரம். டாக்டர் அனுமதித்த பிறகே கஞ்சி, குழைந்த சாதம். செயற்கைப் பல் கட்டுவதும் பலருக்குச் சாத்தியம்தான். அதற்கு மாதக் கணக்கில் பொறுமை வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாமை... இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், தாடையை எடுக்க வேண்டிய அவசியமே பலருக்கு வராது!